காட்டுக்குள் கேட்ட இருமல்

ரப்பர் பூட்ஸ் கழுவுவது கஹுண்டேயின் வேலை. ஆராய்ச்சி நிலையத்தின் பின்புறம், தகரக் கூரையின் கீழ், சேறு அப்பிய பூட்ஸ்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அடிப்பள்ளங்களைக் குச்சியால் சுரண்டுவாள், தேங்காய் நார் போன்ற ஒரு பழைய பிரஷ்ஷால் தேய்ப்பாள், பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் முக்கி எடுத்துக் கம்பியில் மாட்டுவாள். அந்த வாடை அவள் விரல்களை விட்டுப் போனதே இல்லை. கேழ்வரகுக் களி உருட்டிக் கொடுத்தால் மகள் கொமுஹெண்டோ மூக்கைச் சுளிப்பாள். "அம்மா கையில ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது." "நாத்தம் புடிச்ச கைதான் உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்புது, தின்னு" என்பாள் கஹுண்டே.

கழுவுவதோடு முடிவதில்லை. காலையில் காட்டுக்குள் போகிறவர்களை வாசலில் நிறுத்தி விசாரித்து அனுப்புவதும் அவள்தான். கிபாலே காட்டில் சிம்பன்சிகளின் பின்னாலேயே நாள் முழுக்க நடந்து, எது எங்கே தின்றது, யாரோடு உட்கார்ந்தது என்று பார்த்துவரும் தடம் பார்ப்பவர்கள் அவர்கள். மனிதர்களின் சளி சிம்பன்சிகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் தொண்டை கரகரத்தாலே உள்ளே விடக்கூடாது. வீட்டில் யாருக்காவது இருமல் என்றாலும் விடக்கூடாது. வீட்டுத் துணியைக் கழற்றிவிட்டு அவள் துவைத்து வைத்த துணியைத்தான் போட வேண்டும். கடைசியாக அவள் கையிலிருந்து ஒரு புது முகக்கவசம்.

"வாயைத் திற, அத்வூக்கி."

"விடிஞ்சும் விடியாம என் வாயைப் பாக்கறதுல உனக்கு அப்படி என்ன ஆசை, அத்யேரி?" என்பான் பகோன்ஸா. குழுவிலேயே இளையவன், வாய் ஓயாதவன்.

"பல்லு விளக்கியிருந்தா ஆசையா இருந்திருக்கும். தும்மல் உண்டா? வீட்டுல யாருக்காச்சும் இருமல்?"

"மாமியாருக்கு இருக்கு."

"உன் வீட்டுலயா?"

"அவங்க வீட்டுலதான். அங்கேயே இருக்கட்டும்னு தினமும் ஜெபம் பண்றேன்."

அவன் பெயர் பகோன்ஸா, அவள் பெயர் கஹுண்டே. ஆனால் அந்தப் பக்கத்துத் தோரோக்காரர்கள் ஒருவரை ஒருவர் அப்படி வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த குழந்தைக்குப் பெயரோடு ஒரு எம்பாக்கோவும் சூட்டுவார்கள். அத்யேரி, அத்வூக்கி, அராலி, அமூத்தி, அப்வூலி, அக்கீக்கி என்று மொத்தமே பத்துப் பதினொன்றுதான். ஊரே அதைப் பங்குபோட்டுக்கொள்ளும். மரியாதையும் பாசமும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கும். பெண்டாட்டி புருஷனையும் மகள் அப்பாவையும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கோபம் முற்றினால்தான் பெயர் வெளியே வரும். தலைநகர் கம்பாலாவிலிருந்து வேலைக்கு வந்த டாக்டர் நன்சுபுகாவுக்குக்கூட, எம்பாக்கோ இல்லாமல் எப்படிப் பேசுவது என்று தடம் பார்ப்பவர்களே கூடி அக்கீக்கி என்று வைத்துவிட்டார்கள். விலங்கு வைத்தியத்துக்குப் படித்த அந்த அம்மாள் அன்றைக்கு வெட்கப்பட்டுச் சிரித்ததைக் கஹுண்டே பார்த்திருக்கிறாள்.

கஹுண்டேயின் கணவன் கதுராமு, எம்பாக்கோ அராலி, தடம் பார்ப்பவர்களுக்குத் தலைவன். அவன் சொல்வதைத்தான் மற்றவர்கள் செய்வார்கள். ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவன் பேச்சு காட்டைப் பற்றித்தான். அதனால் சிம்பன்சி ஒன்றைக்கூட நேரில் பார்க்காத கஹுண்டேக்கு அந்தக் கூட்டத்தின் குடும்பச் சங்கதி எல்லாம் அத்துப்படி. தலைவன் ஆண் யாருக்குப் பேன் பார்த்து யாரைக் கைக்குள் போட்டுக்கொண்டான், தாயைவிட்டுப் பிரியாத தடிமகன் யார், பழம் காய்த்த அத்தி மரத்தைக் கண்டவுடன் கத்தி எல்லோரையும் கூப்பிடுகிறவன் யார், மூச்சுக்காட்டாமல் தனியாகத் தின்கிறவன் யார், எல்லாம் தெரியும்.

எல்லோரையும்விட அமூத்தியைத்தான் அவளுக்குப் பிடிக்கும். நிலையத்துக் கணக்கில் அதற்கு இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும்தான். அமூத்தி என்று எம்பாக்கோ கொடுத்தவன் கதுராமு. சிம்பன்சிகளில் வயசுக்கு வந்த பெண் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். அப்படித் தெற்கே எங்கிருந்தோ வந்தவள் அமூத்தி. வந்த புதிதில் மூத்த பெண்கள் சேர்ந்து அடித்துத் துரத்தினார்கள். வலது கையில் இரண்டு விரல் கிடையாது, மான் பிடிக்க யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் போனது. ஒரு கிழட்டு ஆண் மட்டும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதாம்.

"மாமியார் வீட்டுல எனக்கு அப்படி ஒருத்தரும் வந்து உக்காரல" என்றாள் கஹுண்டே, அந்தக் கதையை முதல் தடவை கேட்டபோது.

"நான் உக்காந்தேனே."

"நீங்க களி திங்க உக்காந்தீங்க."

யானைகளைத்தான் அவளுக்கு நேரில் தெரியும். காட்டோரத்துச் சோளக்கொல்லையை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிட்டுப் போகும். அதற்காக ஊர்க்காரர்கள் வெட்டிய அகழியில் ஒரு வருஷம் குட்டி ஒன்று விழுந்துவிட்டது. தாயும் பெரியம்மாக்களுமாக ஆறேழு யானைகள் வெயில் ஏறியும் நகராமல் விளிம்பிலேயே நின்றன, தும்பிக்கையை உள்ளே விட்டுத் தடவித் தடவிப் பார்த்தன. கதுராமுவும் மற்றவர்களும் பெரிய யானைகள் ஒதுங்கிய நேரம் பார்த்து ஒரு பக்கக் கரையை இடித்துச் சரிவாக்க, குட்டி ஏறிப் போனது. பக்கத்துக் கொல்லைக்காரி கஹுண்டேயிடம் வந்து கத்தினாள். "உன் புருஷன் வெட்டின பள்ளத்தை அவனே தூத்துறான். என் சோளம் போனா அவன் வீட்டுலயா சோறு போடுவான்?" கஹுண்டேக்கும் அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. ஆனாலும் அந்தத் தாய் யானை கடைசியாகத் திரும்பிப் பார்த்த பார்வை மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மழைக்காலம் தொடங்கியபோது கொமுஹெண்டோவுக்குச் சளி பிடித்தது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது. முதல் இருமல் கேட்டதும் கஹுண்டே கணவனின் துணிமணியைச் சுருட்டி அவன் அண்ணன் வீட்டுக்குத் துரத்திவிட்டாள். விதிப்படி ஒதுங்கியிருக்க வேண்டிய நாள் முடிந்தும் இன்னும் சில நாள் தள்ளித்தான் வேலைக்குச் சேர்த்தாள்.

"ஆ காட்டுங்க."

"ஆ."

"நல்லா."

"உள்ளே போயே பாத்துட்டு வந்துடேன்."

தொண்டை சுத்தம், மூக்கு சுத்தம். தன் வீட்டு ஆள் என்று சலுகை காட்டவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் பகோன்ஸா ஓடிவந்தான். வழக்கமான நையாண்டி ஒன்றும் இல்லை. "அவங்க இருமறாங்க அத்யேரி. எல்லாரும். மரத்து மேல தூங்கற கூட்டைவிட்டு எறங்க மாட்டேங்கறாங்க."

முதலில் செத்துப்போனது, அமூத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்த அந்தக் கிழட்டு ஆண். அடுத்து கைக்குழந்தைக்காரி ஒருத்தி. அவள் குழந்தையை அதன் அண்ணன், இன்னும் மீசை முளைக்காத பையன் வயசு, முதுகில் தூக்கிக்கொண்டு திரிந்தான். அப்புறம் இரண்டு குட்டிகள். 

"சளியா? வெறும் சளியிலயா டாக்டர் சாவாங்க?"

"நமக்குத்தான் வெறும் சளி" என்றார் டாக்டர் நன்சுபுகா. கண்ணின் கீழே கருத்திருந்தது. "நம்ம பிள்ளைங்களுக்கு மூக்கு ஒழுகும், ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகாது. இவங்க உடம்பு அதைப் பாத்ததே இல்ல. நுரையீரல்ல எறங்கிடுது."

"எங்கேருந்து வந்திருக்கும்?"

"தெரியல. நீ ஒருத்தரையும் இருமலோட உள்ளே விடலையே?"

"சத்தியமா இல்ல."

"அதான் எனக்கும் புரியல."

அன்றிலிருந்து கஹுண்டே பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்கு கரைத்தாள். விரல் இடுக்கெல்லாம் வெந்தது. ஒரு துணியை மூன்று தடவை அலசினாள். எங்கே ஓட்டை, எங்கே ஓட்டை என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. தன் வேலை இது ஒன்றுதான், இதில்தானே தவறியிருக்க வேண்டும்?

ஆள் குறைந்தது. லேசாகத் தலைவலி என்றவனைக்கூட டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். செத்த குட்டி ஒன்றைப் பரிசோதனைக்கு எடுத்துவர வேண்டும், பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றபோது கஹுண்டே தானே முன்வந்தாள். தன் தொண்டையைத் தானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். தான் கழுவிய பூட்ஸைத் தன் காலிலேயே முதல் தடவையாக மாட்டிக்கொண்டாள்.

கதுராமு முன்னால், பகோன்ஸா நடுவில், அவள் கடைசியில். யானைகள் நடந்து நடந்து அகலமாக்கிய பாதை. ஈரத்தில் யானைத் தடங்கள் கிணற்று வாய் போலத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன.  பாதி தூரத்தில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே எங்கேயோ ஒரு குழந்தை இருமியது. சளி கட்டிய, முடிவில் கீச்சென்று இழுக்கிற இருமல். கொமுஹெண்டோவின் இருமல். 'பள்ளிக்கூடம் போகாம பின்னாடியே வந்துட்டாளா?' என்று திரும்பிக்கூடப் பார்த்துவிட்டாள்.

"அது அவங்கதான்" என்றான் பகோன்ஸா மெல்ல.

மரத்துக்கு மரம் இருமல். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று. ஒருவன் தும்மிவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்தான், துடைத்த கையை உற்றுப் பார்த்தான். இன்னொருவன் கிளையில் குப்புறக் கிடந்தான், ஒவ்வொரு மூச்சுக்கும் முதுகு ஏறி இறங்கியது.  இத்தனை வருஷம் சாப்பாட்டு நேரத்தில் கதையாகக் கேட்ட மனிதர்கள், அவளுக்கு அவர்களை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, காய்ச்சல் வார்டில் கிடப்பதுபோலக் கிடந்தார்கள்.

அப்புறம் அமூத்தி வந்தாள். விழுந்து கிடந்த மரத்தின் மேல், மூன்று காலால், மெதுவாக. இரண்டு விரல் போன அந்தக் கையில் செத்துப்போன தன் குட்டியை மார்போடு அணைத்திருந்தாள். குட்டியின் தலை பின்னால் தொங்கியது. ஈ மொய்த்தது. அவள் உட்கார்ந்து, இலை ஒன்றைப் பறித்து, ஈயை விரட்டினாள். அப்புறம் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தாள். கஹுண்டே தினமும் வாசலில் பார்ப்பாளே, அதே மாதிரி.

கஹுண்டே தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் அது நடந்தது.

கதுராமு இரண்டு அடி முன்னால் போனான். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினான். ஒரு கையால் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டான். வீட்டுக்கு வந்த மூத்தவர்களிடம் பேசுகிற அதே குரலில், "நல்லா விடிஞ்சுதா, அமூத்தி?" என்றான். அவள் ஏறிட்டுப் பார்த்தாள். அவன் ஒரு நொடி நின்று, கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாங்கினான். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

கஹுண்டே அதைப் பார்த்தபடி நின்றாள். மண்டையில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. வேறு எதுவும் காதில் விழவில்லை.

"என்ன பண்ணினீங்க?" என்றாள்.  "அராலி, இப்ப என்ன பண்ணினீங்க?"

"என்ன?"

"மாஸ்க்கை எறக்கினீங்க."

அவனுக்கு முதலில் புரியவே இல்லை. மூச்சு விட்டாயா என்று கேட்டால் ஒருவன் விழிப்பானே, அப்படி விழித்தான். "எம்பாக்கோ சொன்னேன்" என்றான். "அதைப் போய் வாயை மூடிக்கிட்டா சொல்றது? அவ இந்தக் கூட்டத்துக்கு வந்த நாள்லேருந்து நான் சொல்றேன். தூரத்துலதான் நின்னேன். ஒரே ஒரு வார்த்தை."

"தினமுமா?"

"பாத்த அன்னைக்கெல்லாம்."

அவள் பகோன்ஸாவைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான், வெள்ளந்தியாக. "எல்லாரும்தான் அத்யேரி. நீ வேற. துணியை வாயில கட்டிக்கிட்டு முணுமுணுத்தா அது வசவு மாதிரி இல்ல? சேர்ந்த முதல் நாளே அராலி அண்ணன் சொல்லிக் குடுத்தாரு, போனதும் பெரியவங்களுக்கு மொதல்ல வணக்கம் சொல்லணும்னு."

எல்லாரும். ஒவ்வொரு காலையும். அவள் தன் கையால் எடுத்துக் கொடுத்த அத்தனை கவசங்களும், சரியாக எந்த இடத்தில் தேவையோ அந்த இடத்தில், மரியாதைக்காகக் கீழே இறங்கியிருக்கின்றன.

செத்த குட்டி வேறொன்றை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். அமூத்தியிடமிருந்து அதை வாங்க யாரும் முயலவில்லை. வழியில் கஹுண்டே கணவனின் பக்கத்தில் நடந்தாள்.

"டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லி? இனிமே எறக்க மாட்டேன். அவ்வளவுதானே."

"உங்களைப் பாத்துத்தானே மத்தவங்களும் செய்றாங்க? உங்க வாயாலயே வேண்டாம்னு சொல்லணும். டாக்டருக்கும் தெரியணும். எங்கேருந்து வந்துச்சுன்னு அந்த அம்மா தூங்காம கெடக்கறாங்க."

"சொன்னா என்னைக் காட்டுக்குள்ள விட மாட்டாங்க."

"விட வேண்டாம்."

"எனக்கு வேற வேலை தெரியாது அத்யேரி. வேலையை விடு. அவங்களை விட்டுட்டு நான் எங்கே போவேன்?"

 பெட்டியின் கைப்பிடி அவள் உள்ளங்கையை அறுத்தது. "நாளைக் காலைக்குள்ள சொல்லுங்க" என்றாள்.

அவன் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மற்றவர்களோடு வந்து வரிசையில் நின்றான், அவள் எதிரே வந்து வாயைத் திறந்து காட்டினான், முகக்கவசத்துக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. நேரே டாக்டரின் அறைக்குப் போனாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

ராத்திரி இன்னொரு குட்டி போய்விட்டதாம். டாக்டர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்திருந்தார். கஹுண்டே நின்றபடியே சொன்னாள், சுற்றி வளைக்காமல், கண்டதைக் கண்டபடி. டாக்டர் கதுராமுவைப் பார்த்தார்.

"நிஜமா, அராலி?"

"நிஜம்தான்."

"எல்லாருமா?"

"நான் சொல்லிக் குடுத்தது. அவங்க மேல தப்பில்ல."

டாக்டர் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். கோபம் வரும் என்று கஹுண்டே காத்திருந்தாள். வரவில்லை. முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிட்டது. "என்கிட்டப் பேசும்போதும் மாஸ்க்கைக் கீழ எறக்கிட்டுத்தான் அக்கீக்கின்னு கூப்பிடுவீங்க" என்றார். "ஒவ்வொரு தடவையும். காட்டுக்குள்ளயும்கூட. என் எதிர்லயே. எனக்கு அது சந்தோஷமா இருந்துச்சு. ஒரு தடவைகூட எனக்கு உறைக்கலியே."



"எங்க மகளுக்குச் சளி இருந்துச்சு" என்றாள் கஹுண்டே. "இவருக்கு ஒண்ணும் இல்ல. நான் பாத்துத்தான் விட்டேன். அதுலேருந்தா?"

"ஒண்ணும் இல்லாமலே சில பேர் தொண்டையில இருக்கும். அவரா இருக்கலாம், பகோன்ஸாவா இருக்கலாம். நானாக்கூட இருக்கலாம். கடைசிவரைக்கும் தெரியாமலே போகலாம்." டாக்டர் சாவிக்கொத்தை எடுத்தார். "இன்னைக்கு ஒருத்தரும் உள்ளே போக வேண்டாம். நான் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசறேன். அராலி, நீங்க..." அவர் அந்த எம்பாக்கோவைச் சொன்ன விதத்திலேயே மற்றது இருந்தது. "நீங்க இனிமே வேண்டாம்."

"அமூத்தி இன்னும் குட்டியைக் கீழே வைக்கல" என்றான் கதுராமு. "தூரத்துலேருந்து, ஒரே ஒரு நாள்—"

"வேண்டாம், அராலி" என்றார் டாக்டர். மற்றவர்களைக் கூப்பிட வெளியே போனார்.

அறையில் இவர்கள் இருவரும்தான். வெளியே பகோன்ஸா ஏதோ கேட்பதும் யாரோ அவனை அதட்டுவதும் கேட்டது. கதுராமு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

"கஹுண்டே" என்றான்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவன் வாயில் அவள் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. பளீரென்று கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

"நீ என்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

"நேத்து கேட்டேனே. ராத்திரி ஒண்ணு செத்துருச்சு."

 அவன் தோள் ஒருமுறை குலுங்கியது. அவள் கிட்டே போனாள். தொடலாமா என்று பார்த்தாள், கையில் பிளீச்சிங் பவுடர் வாடை, தொடவில்லை.

"மதியத்துக்குப் பயறு ஊற வச்சிருக்கேன்" என்றாள். "அராலி, வீட்டுக்கு வருவீங்கல்ல?"

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.